வாங்குபவர் இல்லாத கூட்டணி

எரிபொருள் மின்கலத் தொழிலை ஒரு வட்டாரத்தில் வேரூன்றச் செய்ய என்ன வேண்டும் என்று கேட்டால், உலகெங்கும் அரசுகள் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் சொல்கின்றன. ஒரு பல்கலைக்கழகம், ஓர் அரசு ஆய்வகம், நான்கைந்து நிறுவனங்கள் ஆகியவற்றை ஒரே வளாகத்துக்குள் கொண்டுவர வேண்டும். அவற்றுக்கிடையே புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாக வேண்டும். ஆய்வு மானியம் சில ஆண்டுகளுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். பிறகு தொழில் தானே தழைத்துவிடும். திட்ட அறிக்கைகளில் இந்த ஏற்பாட்டுக்குத் தொகுப்பு, பள்ளத்தாக்கு, மையம் என்று பல பெயர்கள். எந்தப் பெயரில் வந்தாலும் அடியில் கிடக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது, அதை மூடிவிட்டால் போதும்.

இதற்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படும் ஊர் கனடாவின் வான்கூவர். பல்லார்ட் என்ற நிறுவனம், அருகருகே பல்கலைக்கழகங்கள், மத்திய அரசின் ஆய்வு நிலையம், அவற்றைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாகப் பல நிறுவனங்கள். படமாக வரைந்தால் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் விளைவைக் காரணமாகக் காட்டுகிறது. எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று ஆண்டுவாரியாக அடுக்கினால், அங்கே தொழில் பிறந்ததற்குக் கூட்டணி காரணமில்லை, கைநழுவியதற்குக் கூட்டணிக் குறைவும் காரணமில்லை என்பது தெரியும். 'தொகுப்பு' என்ற கருத்தைப் பரப்பிய மைக்கேல் போர்ட்டர் 1990-இல் வெளியான தம் நூலில் ஒரு நாட்டின் தொழில் வலிமைக்கு நான்கு மூலைகள் வரைந்தார். அவற்றில் ஒன்று உள்ளூர்ச் சந்தையின் கறாரான தேவை. அவர் பெயரைச் சொல்லித் தொழிற்பூங்கா கட்டியவர்கள் அந்த மூலையை மட்டும் எப்படியோ மறந்துபோனார்கள்.

இந்தத் தொழிலில் வாங்குபவருக்கு ஏன் இவ்வளவு இடம் என்பது சாதனத்தைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். ஃபியூயல் செல் என்று பரவலாக அழைக்கப்படும் எரிபொருள் மின்கலத்துக்குள் எதுவும் எரிவதில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவே மிக மெல்லிய பாலிமர் சவ்வு. சவ்வின் இரு முகங்களிலும் பிளாட்டினத் துகள் கலந்த கரிப்பூச்சு. ஹைட்ரஜனின் புரோட்டான் சவ்வுக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். எலெக்ட்ரானுக்கு அந்த வழி கிடையாது. அது வெளிக்கம்பியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தச் சுற்றுதான் மின்சாரம். மிச்சம் வருவது தண்ணீரும் சூடும். சுமையோடு ஓடும்போது ஒரு கலம் தருவது 0.6 முதல் 0.7 வோல்ட் வரைதான். ஒரு பேருந்தை நகர்த்த இப்படி நூற்றுக்கணக்கான கலங்களைத் தட்டின்மேல் தட்டாக அடுக்கி, இரு முனையிலும் கனத்த தகடு வைத்து இறுக்குகிறார்கள். ஒவ்வொரு தட்டிலும் வாயு ஓடுவதற்குக் கோலம் இழுத்தாற்போல நுண்ணிய கால்வாய்கள். எல்லாக் கலங்களும் தொடரில் இணைந்திருப்பதால் ஒன்று கெட்டால் மொத்த அடுக்குக்கும் பாதிப்பு.

கெடுவதற்கும் வழிகள் ஏராளம். சவ்வு ஈரமாக இருந்தால்தான் புரோட்டான் கடக்கும். ஈரம் ஏறும்போது சவ்வு உப்பும், காயும்போது சுருங்கும். இது ஓயாமல் நடந்தால் ஊசித்துளை விழும். ஈரம் மிஞ்சினால் கால்வாய் அடைத்துக்கொள்ளும். குளிர்நாட்டில் உள்ளே தேங்கிய தண்ணீர் உறையும். சாலைக் காற்றில் இருக்கும் கந்தகம் பிளாட்டினத்தை மந்தமாக்கும். இவை ஆய்வகத்தின் முதல் சில நூறு மணி நேரத்தில் முழுதாகத் தலைகாட்டுவதில்லை. வண்டி நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, மேடேறி, இரவில் பணிமனையில் கிடந்து, விடிந்ததும் மறுபடி கிளம்பி, இப்படி ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியபின் கழற்றிப் பார்த்தால்தான் எந்தக் கேஸ்கெட் முதலில் கசிந்தது, எந்தக் கலம் முதலில் சோர்ந்தது என்பது பிடிபடும். ஐரோப்பாவில் 2003 முதல் ஒன்பது நகரங்களில் நகருக்கு மூன்றாக 27 பேருந்துகள் பல்லார்ட் மின்கலங்களோடு ஓடின. அந்த ஒன்பதில் லண்டனும் ஒன்று. லண்டன் அத்தோடு நிறுத்தவில்லை. சில ஆண்டுகள் கழித்து மறுபடி வாங்கியது. அந்த இரண்டாம் தலைமுறைப் பேருந்துகளின் மின்கலங்கள் 25,000 மணி நேரத்தைத் தாண்டி உழைத்தன. ஒரு கருத்தரங்கில் கற்க முடியாத பாடம் அந்த இரண்டாவது கொள்முதலில் இருந்தது.

இனி வான்கூவர். ஜெஃப்ரி பல்லார்ட், கீத் பிரேட்டர், பால் ஹோவர்ட் ஆகிய மூவரும் 1979-இல் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர்கள் செய்ய நினைத்தது லித்தியம் பேட்டரி. எரிபொருள் மின்கலம் அவர்கள் மேசைக்கு வந்தது 1983-இல், கனடாவின் பாதுகாப்புத் துறை கொடுத்த ஒப்பந்தத்தின் வழியாக. 1960-களில் ஜெமினி விண்கலங்களுக்காக ஜெனரல் எலக்ட்ரிக் உருவாக்கிய சவ்வு வகை மின்கலம் தரையில் பயன்படும் பொருளாக வளராமல் கிடந்தது. அதை மலிவாகச் செய்ய முடியுமா என்பதே துறையின் கேள்வி. சில ஆண்டுகளில் டௌ கெமிக்கல் நிறுவனத்தின் புதிய சவ்வு ஒன்றை வைத்துப் பார்த்தபோது மின்திறன் பல மடங்கு எகிறியது. அங்கிருந்துதான் வண்டிக்குள் பொருத்தும் அளவுக்கு அடுக்கு சிறுத்தது. இன்றைய அறிக்கைகள் இந்தக் கதையை 'அரசு, தனியார் ஆய்வுக் கூட்டாண்மை' என்று எழுதுகின்றன. நடந்தது அதைவிட எளிமையானது. ஒரு துறைக்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது. செய்துகாட்டச் சொல்லிப் பணம் கொடுத்தது. சவ்வைத் தந்ததோ ஓர் இரசாயன நிறுவனம்.

அடுத்த படிகளும் அப்படித்தான். 1993-இல் மாகாண அரசின் நிதியுதவியோடு முதல் மாதிரிப் பேருந்து வான்கூவர் சாலையில் ஓடியது. 1998 முதல் சிகாகோவிலும் வான்கூவரிலும் தலா மூன்று பேருந்துகள் பயணிகளை ஏற்றின. விக்டோரியா பல்கலைக்கழகத்தில் எரிசக்தி ஆய்வு நிலையம் ஒன்று 1989 முதல் இருந்தது உண்மை. மின்கலத்துக்குள் வாயுவும் நீரும் ஓடும் விதத்தைக் கணினியில் மாதிரியிடுவதில் அது நல்ல பெயர் வாங்கியதும் உண்மை. ஆனால் வான்கூவர்ப் படத்தின் நடுவில் வரையப்படும் தேசிய ஆய்வுக் கழகத்தின் எரிபொருள் மின்கல நிலையம் அந்தப் பெயரோடு வந்தது 2000-களின் தொடக்கத்தில்தான். சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் எரிபொருள் மின்கல ஆய்வகம் அதற்கும் பிந்தியது. அதற்குள் பல்லார்டின் பங்கு விலை 2000-ஆம் ஆண்டு நூறு டாலரைத் தாண்டிப் பறந்து, கீழே விழவும் தொடங்கிவிட்டது. தொழிலைப் பெற்றெடுத்ததாகச் சொல்லப்படும் நிலையங்கள், தொழில் பிறந்து நடக்கத் தொடங்கியபின் வந்து சேர்ந்தவை.

கூட்டாண்மை என்ற சொல்லுக்கு வான்கூவரில் இன்னொரு பொருளும் உண்டு. அதைப் பற்றி ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. 1993-இல் டைம்லர்-பென்ஸ் பல்லார்டோடு கைகோத்தது. 1997-இல் பங்குதாரராகவே உள்ளே வந்தது. அதைத் தொடர்ந்து ஃபோர்டும் வந்தது. இரு கார் நிறுவனங்களின் பணமும் பொறியாளர்களும் சேர்ந்தால் வெற்றி உறுதி என்று அன்று எழுதாத பத்திரிகை இல்லை. 2004-க்குள் கார் விற்பனைக்கு வரும் என்று டைம்லர் அறிவித்தது. கார் வரவில்லை. இங்கே கூட்டாளிதான் வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளருக்கு அவசரமும் இல்லை, மாற்றாக டீசல் காரும் பெட்ரோல் காரும் கையில் இருந்தன. 2007 நவம்பரில் பல்லார்ட் தன் கார் மின்கலப் பிரிவையே டைம்லருக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு வான்கூவரை ஒட்டிய பர்னபியில் தொடங்கிய கூட்டு நிறுவனத்தில் டைம்லருக்கு 50.1 விழுக்காடு, ஃபோர்டுக்கு 30, பல்லார்டுக்கு 19.9. பத்தாண்டு ஆராய்ந்தபின் 2018-இல் அது மூடப்பட்டது. ஆய்வு குறைவாக நடந்ததால் மூடப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. எத்தனை கார் வாங்கப்படும் என்ற எண் எந்த ஆண்டும் யார் கையிலும் இல்லை.

இதே ஊரில், இதே காலத்தில், ஆரவாரமில்லாமல் நடந்த மற்றொரு கதை இந்த இடத்தில் பொருந்தும். கிடங்குகளில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு ஈய-அமில பேட்டரி ஒரு தலைவலி. ஷிஃப்ட் நடுவே சார்ஜ் இறங்கும். மாற்ற ஆளும் இடமும் வேண்டும். குளிர்பதனக் கிடங்கில் இன்னும் மோசம். ஹைட்ரஜன் நிரப்பவோ சில நிமிடங்கள் போதும். இதைக் கண்டுகொண்ட இரு நிறுவனங்கள் வான்கூவரை ஒட்டிய ரிச்மண்டில் இருந்தன: செல்லெக்ஸ் பவர், ஜெனரல் ஹைட்ரஜன். இரண்டாவதை நிறுவியவர்களில் ஜெஃப்ரி பல்லார்டும் ஒருவர். 2007-இல் இரண்டையும் நியூயார்க் மாநிலம் லேத்தமில் இருந்த பிளக் பவர் வாங்கிக்கொண்டது. காரணத்தைத் தேட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் ஃபோர்க்லிஃப்ட் வைத்திருந்த வால்மார்ட் போன்ற சில்லறை வணிக நிறுவனங்களின் பெருங்கிடங்குகள் அமெரிக்காவில் இருந்தன. பல ஆண்டுகளுக்கு அந்த வண்டிகளுக்குள் இருந்த அடுக்குகளைப் பல்லார்டே விற்றது என்பது சற்று வேடிக்கையான உண்மை. கண்டுபிடிப்பும் கையில், அடுக்கும் கையில், ஆனால் வணிகம் வாங்குபவர் இருந்த பக்கம் போய்விட்டது. எந்தப் பல்கலைக்கழக ஒப்பந்தமும் அதைப் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது.

இதற்கு உடனே எழும் மறுப்பு விஸ்லர். உள்ளூர் அரசே வாங்கியும் தோற்றதே என்பார்கள். 2010 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி விஸ்லர் மலையூரில் 20 எரிபொருள் மின்கலப் பேருந்துகள் விடப்பட்டன. வண்டி நியூ ஃபிளையருடையது, மின்கலம் பல்லார்டுடையது, திட்டச் செலவு 8.9 கோடி கனடிய டாலர். ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கதை. கியூபெக்கிலிருந்து, கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, டேங்கர் லாரியில் வந்தது. புகையில்லாப் பேருந்துக்கு எரிபொருள் கொண்டுவர டீசல் லாரி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது. மலைக்குக் கீழே வடக்கு வான்கூவரில் சோடியம் குளோரேட் ஆலையின் துணைவிளைபொருளாக ஹைட்ரஜன் வந்துகொண்டிருந்ததும், அதைப் பிடித்து வண்டிகளுக்குத் தரும் முயற்சி ஒன்று அங்கே முன்பே நடந்ததும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டியவை. 2014-இல் திட்டம் முடிந்தது. அந்த இடத்துக்கு டீசல் பேருந்துகள் வந்தன.

விஸ்லர் காட்டுவது கொள்முதலின் தோல்வியை அல்ல. திருவிழாவுக்கு வாங்குவதும் தேவைக்கு வாங்குவதும் வேறு வேறு. விருந்தாளிகளுக்குக் காட்ட வாங்கிய 20 வண்டிகளுக்குப் பிறகு 21-ஆவது வண்டிக்கான திட்டம் எவரிடமும் இருக்கவில்லை. ஓடிய ஆண்டுகளில் கண்ட குறைகளைத் திருத்தி அடுத்த தொகுதியில் சேர்க்க வழியில்லை. உதிரிபாகம் செய்பவர் ஒருவர்கூட அதை நம்பிப் பட்டறை போடவில்லை. எரிபொருளுக்கான உள்ளூர் ஏற்பாடு பேச்சோடு நின்றது. இதே காலத்தில் சீனா பேருந்துகளையும் சரக்கு வண்டிகளையும் மானியத்தோடு ஆண்டுதோறும் வாங்கத் தொடங்கியது. பல்லார்ட் அங்கே போனது. குவாங்தோங்கின் யுன்ஃபூவில் கூட்டு ஆலை எழுந்தது. 2018-இல் வெய்ச்சாய் நிறுவனம் பல்லார்டின் 19.9 விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்டது. ஷான்டோங்கில் அமைந்த கூட்டு நிறுவனத்தில் 51 விழுக்காடு வெய்ச்சாயுடையது. வான்கூவரின் நாற்பதாண்டு அறிவு, ஆர்டர் இருந்த ஊருக்குக் குடிபெயர்ந்தது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் கதை இன்னும் துல்லியமானது. அப்போலோ விண்கலங்களின் எரிபொருள் மின்கலத்தைச் செய்த பிராட் அண்டு விட்னியின் வழிவந்த யுடிசி பவர், அந்த மாநிலத்தின் சவுத் விண்ட்சரில் இருந்தது. 1990-களிலேயே 200 கிலோவாட் அளவில், கட்டடங்களுக்கு மின்சாரமும் வெந்நீரும் தரும் பாஸ்பாரிக் அமில வகை மின்கலத்தை விற்ற நிறுவனம் அது. டான்பரியில் ஃபியூயல்செல் எனர்ஜி. 2001-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் எரிபொருள் மின்கலத்துக்கென்றே ஒரு மையம். விண்வெளி அனுபவம், இரு பெரிய நிறுவனங்கள், பல்கலைக்கழகம், மாநில அரசின் ஆதரவு என்று சூத்திரத்தில் கேட்ட எல்லாமே இங்கே இருந்தன. 2013-இல் யுடிசி பவர் கிளியர்எட்ஜ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2014-இல் கிளியர்எட்ஜ் திவால் ஆனது. அதே ஆண்டு கொரியாவின் தூசான் நிறுவனம் அதை வாங்கியது.

கொரியாவில் இருந்தது என்ன? 2012-இல் நடைமுறைக்கு வந்த ஒரு விதி. பெரிய மின் உற்பத்தி நிறுவனங்கள் தங்கள் மின்சாரத்தில் குறிப்பிட்ட பங்கைப் புதுவகை, புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெற வேண்டும். ஆண்டுக்காண்டு அந்தப் பங்கு ஏறும். அதற்கான சான்றிதழ்க் கணக்கில் எரிபொருள் மின்கலத்துக்கு இரட்டை மதிப்பு. இந்த ஒரு விதி பத்தாண்டுக்குத் தொடரும் வாடிக்கையாளரைப் படைத்தது. தூசான் 2017-இல் இக்சானில் ஆலை திறந்தது. 2020-இல் தேசானில் 114 மின்கலங்கள் கொண்ட 50 மெகாவாட் நிலையம் எழுந்தது. பக்கத்துப் பெட்ரோகெமிக்கல் ஆலையில் துணைவிளைபொருளாக வரும் ஹைட்ரஜனே அதற்கு எரிபொருள். வடக்கு வான்கூவரில் நழுவவிட்டதை இவர்கள் குழாய் போட்டு இழுத்துக்கொண்டார்கள். கொரியாவிலும் எல்லாம் சீராக நடக்கவில்லை. டான்பரியின் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்றுச் செய்த போஸ்கோ நிறுவனத்துக்கு அடுக்கு ஆயுள் பிரச்சினையும், உரிமம் தந்த நிறுவனத்தோடு நீண்ட வழக்கும் மிஞ்சின. ஆனால் ஒரு நிறுவனம் சறுக்கியபோது தொழில் நிற்கவில்லை, ஏனென்றால் மின் நிறுவனங்கள் அடுத்த ஆண்டும் வாங்கியே ஆக வேண்டியிருந்தது. கனெக்டிகட்டில் ஒரு நிறுவனம் திவாலானதும் அதன் தொழில் கொரியர் கைக்குப் போனது.

ஒஹையோவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2003-இலிருந்து மாநில அரசு எரிபொருள் மின்கலத்துக்குத் தனி மானியம் தந்தது. கேண்டன் அருகே ஸ்டார்க் ஸ்டேட் கல்லூரி வளாகத்தில் மாதிரி செய்யும் மையம் கட்டப்பட்டு, ரோல்ஸ்-ராய்ஸின் எரிபொருள் மின்கலப் பிரிவு அங்கே குடியேறியது. மாணவர், கல்லூரி, பன்னாட்டு நிறுவனம், மாநிலப் பணம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் வந்தன. கூட்டாண்மைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. 2012-இல் பெரும்பங்கு எல்ஜி கைக்குப் போனது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் எல்ஜி அதை இழுத்து மூடியது. அதே காலத்தில் கேண்டன் நகரப் போக்குவரத்து நிறுவனம் எரிபொருள் மின்கலப் பேருந்துகளை விட்டது. அவற்றில் இருந்த மின்கலங்கள் பல்லார்டுடையவை. கல்லூரி மையம் திட ஆக்சைடு வகையை ஆராய்ந்தது, பேருந்துக்கு வேண்டியதோ சவ்வு வகை. ஒரே ஊரின் ஆய்வும் கொள்முதலும் ஒன்றையொன்று பார்க்காமலே கடந்து போயின.

அப்படியானால் ஆய்வுக் கூட்டாண்மையே வீணா என்பது அடுத்த கேள்வி. இல்லை. எந்த வகைக் கூட்டாண்மை என்பதில்தான் பிழை நடக்கிறது. ஜப்பானின் ஃபுகுவோகா மாகாணம் 2004-இல் ஹைட்ரஜன் மாநாடு என்ற அமைப்பைத் தொடங்கியது. 2006-இல் கியூஷூ பல்கலைக்கழகத்தின் இத்தோ வளாகத்தில் ஹைட்ரஜன் ஆய்வு மையம் வந்தது. இதுவரை வழக்கமான கதை. ஆனால் அந்த மையம் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி கவர்ச்சி இல்லாதது: அழுத்தமான ஹைட்ரஜனில் எஃகும் ரப்பரும் எப்படி, எப்போது கெடுகின்றன? ஹைட்ரஜன் உலோகத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்க வைக்கும் குணம் உடையது. வால்வு செய்கிற சிறு பட்டறைக்காரருக்கு இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும், சந்தைக்குள் நுழைந்துவிடலாம். அடுத்து இத்தோஷிமாவில் ஒரு சோதனை நிலையம் திறந்தார்கள். வால்வு, குழாய், தொட்டி எதையும் அங்கே கொண்டுபோய் உயரழுத்த ஹைட்ரஜனில் சோதித்துக்கொள்ளலாம். அதே இத்தோஷிமாவில் 150 வீடுகளில் மின்கலம் பொருத்திப் பார்த்தார்கள். ஆய்வகத்திலிருந்து சிறிது தூரத்தில், குளிக்கவும் சமைக்கவும் அந்தச் சாதனத்தை நம்பியிருந்த குடும்பங்கள் இருந்தன.

அந்த வீட்டு மின்கலத்துக்கு நாடு முழுக்கச் சந்தை இருந்தது என்பதைச் சேர்க்காமல் ஃபுகுவோகாவைப் பேசுவது பாதிக் கதை. 'எனெ-ஃபார்ம்' என்ற பெயரில் 2009-இல் விற்பனைக்கு வந்தபோது ஒன்றின் விலை 30 லட்சம் யென்னுக்கு மேல். அரசு 14 லட்சம் யென் வரை மானியம் தந்தது. விலை இறங்க இறங்க மானியத்தையும் இறக்கிக்கொண்டே வந்தது. அடுத்த ஆண்டு எவ்வளவு குறையும் என்று ஊகிக்க முடிந்ததால் பானசோனிக் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு மாதிரியிலும் பாகங்களைக் குறைத்துக்கொண்டே வந்தன. விற்றுக் கொடுத்தவை எரிவாயு நிறுவனங்கள். பழுது பார்க்க ஆள் அனுப்பியவையும் அவையே. தோஷிபா 2017-இல் விலகிக்கொண்டது. ஆனாலும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் சாதனம் ஏறியது. அரசு வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற பொருளியல் வாதம் இங்கே செல்லாது. அரசு எந்த நிறுவனத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. வாங்கும் குடும்பத்துக்குப் பணம் தந்தது, நிறுவனத்தை அந்தக் குடும்பம் தேர்ந்தெடுத்தது.

வான்கூவரிலும் நின்றுபிடித்தவற்றைப் பார்த்தால் இதே தடம்தான். பர்னபியின் கிரீன்லைட் நிறுவனம் மின்கலங்களைச் சோதிக்கும் கருவிகளைச் செய்கிறது. அறை நிறையக் குழாய்களும் வால்வுகளுமாக, வாயுவின் ஈரத்தையும் சூட்டையும் அழுத்தத்தையும் இம்மியளவு பிசகாமல் ஊட்டி, அடுக்கை இரவும் பகலும் சாகும்வரை ஓட்டிப் பார்க்கும் இயந்திரங்கள். யார் வென்றாலும் யார் தோற்றாலும் அவர்களுக்கு இது வேண்டும். சர்ரேயில் பவர்டெக் ஆய்வகம் உயரழுத்த ஹைட்ரஜன் தொட்டிகளைச் சோதித்துத் தருகிறது. சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் பணிகளில் பல்லார்டுக்கு உண்மையாகவே உதவியது, பேருந்து மின்கலத்தின் சவ்வு ஏன் எப்போது கிழிகிறது என்று ஆராய்ந்த பகுதி. அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருந்த பேருந்துகளிலிருந்து வந்தது. பணிமனையில் பிறந்த கேள்வியைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டால் கூட்டாண்மை பலன் தருகிறது. பல்கலைக்கழகம் தனக்குப் பிடித்த கேள்விக்கு ஒரு நிறுவனத்தின் கையெழுத்தைத் தேடினால் மானியம் முடியும் நாளில் உறவும் முடிகிறது.

ஆதரவாளர்களின் கடைசி அரண், திறமையாளர் கூட்டம். நிறுவனங்கள் போனாலும் கற்ற மனிதர்கள் ஊரில் இருக்கிறார்களே என்பது அந்த வாதம். இதில் நியாயம் உண்டு. டைம்லர் டிரக்கும் வோல்வோவும் 2021-இல் சேர்ந்து உருவாக்கிய செல்சென்ட்ரிக் இன்றும் பர்னபியில் இடம் வைத்திருப்பதற்கு அந்த மனிதர்கள்தான் காரணம். ஆனால் அங்கே நடப்பது வெளிநாட்டு முதலாளியின் ஆய்வுக் கிளை. ஆலையை எங்கே வைப்பது என்ற முடிவு ஸ்டுட்கார்ட்டுக்கும் கோத்தன்பர்க்குக்கும் உரியது. பல்லார்டோ, நாற்பதாண்டுக்குப் பிறகும் தொடர்ந்து இலாபம் கண்டதில்லை. 2024-இல் ஆட்குறைப்போடு பெரும் செலவுக் குறைப்பை அறிவித்தது. இத்தனை திறமை குவிந்த ஊரில் இது நடப்பது, திறமை மட்டும் சந்தையைக் கூட்டிவருவதில்லை என்பதற்குப் போதுமான விளக்கம்.

இந்தியாவிலும் இதே சூத்திரம் இப்போது புதிய பெயர்களில் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆய்வுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் எரிபொருள் மின்கலத்தை நெடுங்காலமாக ஆராய்கிறது. சென்னை தரமணியில், ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில், மத்திய அரசின் ஏ.ஆர்.சி.ஐ. நிறுவனம் இதற்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறது. 2024-இல் ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து 180 கோடி ரூபாயில் ஹைட்ரஜன் மையம் அமைப்பதாக ஹூண்டாய் அறிவித்தது. இவற்றில் எதுவும் தேவையற்றது இல்லை. ஆனால் மாநிலப் போக்குவரத்துக் கழகமோ, துறைமுகமோ, கிடங்கோ எத்தனை மின்கலங்களை எந்த ஆண்டிலிருந்து எத்தனை ஆண்டுக்கு வாங்கும், ஹைட்ரஜனை எந்த ஆலையிலிருந்து எடுக்கும், கெட்ட அடுக்கு எந்த ஆய்வக மேசைக்குப் போகும் என்ற கேள்விகளுக்குத் திட்டத்தில் வரியே இல்லாவிட்டால், கனெக்டிகட் போன பாதைதான் இங்கும்.

கொள்முதல் நடந்த இடங்களைப் பார்த்தாலே போக்கு புரிகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவைக்கப்பட்ட ஹைட்ரஜன் படகைக் கட்டியது கொச்சி கப்பல் தளம். மின்கலம் புனேயின் கேபிஐடி தந்தது. அது ஓடுவதற்கான இடமோ வாரணாசி, கங்கை. 2025 ஜூலையில் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இந்திய ரயில்வேயின் ஹைட்ரஜன் இழுவைப் பெட்டி வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. தரமணி மையம் இருப்பது அதே நகரில். ரயில்வேயின் ஹைட்ரஜன் ரயில்களுக்காக ஹைதராபாத்தின் மேதா சர்வோ டிரைவ்ஸ் நிறுவனம் 100 கிலோவாட் திறனில் எட்டு மின்கலத் தொகுதிகளுக்கு முன்பே கொடுத்திருந்த ஆர்டர் போன இடம் பர்னபி, பல்லார்ட்.